எண் இல்லாத அழைப்பு

போர்த்கெரில்,
மார்ச் 16, ஞாயிறு

என் அன்பு மகள் மெரினுக்கு, அம்மா எழுதுவது. நீயும் உன்னோடு தங்கியிருக்கிற பெண்களும் சுகமாக இருப்பீர்கள், அங்கே திராட்சை அறுப்பு பாதியாவது முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா நலம். என்னைப் பற்றி அப்படி ஒரே சொல்லில் எழுத இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முன்பே எழுதியிருக்க வேண்டியது, தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

நீ எதைப் படித்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவள், அதனால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வலது கெண்டைக்காலின் பின்பக்கம் ஒரு மச்சம் இருந்தது. அது தோல் புற்றுநோயாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம், அவசரம் என்று குறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போன செவ்வாய்க்கிழமை அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னவென்று இன்னும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், உனக்கும் அவ்வளவும் சொல்லியாகிவிட்டது. போன இரண்டு ஞாயிறும் கேமரா கெட்டுப்போய்விட்டது என்றேனே, அது பொய். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, என் முகம்தான் சரியில்லை.

முதலில் அதைப் பார்த்தது நான் இல்லை. பின்னங்காலில் இருப்பது நமக்கு எப்படித் தெரியும், அதுவும் நான் கண்ணாடி பார்ப்பதே தலை சீவத்தான். பன்னிரண்டு மாதமும் டவுசரோடு தபால் கொடுக்கிறவள் நான், காலைப் பார்க்காதவர் இந்த ஊரில் இல்லை, ஆனால் கவனித்தவள் வில்மாதான், நாய்களுக்கு முடி வெட்டுகிறாளே, துறைமுகத்து மூலைக் கடை, அவள். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் அவளுடைய தபாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன், பின்னாலிருந்தே நிற்கச் சொன்னாள், கையில் இருந்த கத்தரிக்கோலைக்கூட வைக்காமல் குனிந்து பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இது இவ்வளவு பெரிதாக இல்லை, ஓரம் இப்படிக் கலைந்தும் இல்லை என்றாள். போன கோடையில் சட்டியில் இடித்துக்கொண்டது, பழைய தழும்பு என்று ஏதோ சொல்லி நழுவப் பார்த்தேன். விடவில்லை. "அடியே, இது ஒரு நாய் கால்ல இருந்திருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடுன்னு அதோட சொந்தக்காரனை விரட்டியிருப்பேன். உனக்குன்னு சொந்தக்காரன் இல்லேங்கிறதால நானே விரட்டுறேன், போ" என்றாள். சிரித்துக்கொண்டேதான் அடுத்த வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வீட்டில் கடிதத்தை மாற்றிப் போட்டேன்.

டாக்டர் ஒரு சின்ன விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். அதிகம் பேசாதவர் திடீரென்று அன்பாகப் பேச ஆரம்பித்தார். இப்படி அவசரமாக அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது புற்றுநோயாக இருப்பதில்லை, இருந்தாலும் சீக்கிரம் பார்த்துவிடுவதுதான் நல்லது, இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரும் என்றார். பெரும்பாலோருக்கு இல்லை என்ற பாதி எனக்கு வாசலோடு நின்றுவிட்டது. உன்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே புள்ளியியல் பாடம் படித்துப் பட்டம் வாங்கினவள் நான். நூறு பேரில் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்குத் தெரியும், ஆனால் அந்தச் சில பேர் யாராவது ஒருவராக இருக்கத்தானே வேண்டும் என்றுதான் மனசு கேட்கிறது.

தகவல் வரும் என்றாரா, நான் தபாலில் வரும் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வேன் சொல். ஆஸ்பத்திரி உறையை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்வேன், பழுப்பு, இடது பக்கம் நீள ஜன்னல், ஓரத்தில் சிவப்புக் கோடு. எத்தனை வீட்டில் அதைக் கொடுத்துவிட்டு, எதுவும் தெரியாதவள் மாதிரி மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். தபால் நிலையத்தில் நம் தெருவின் தபாலை அடுக்குவது டென்சில், தினமும் காலையில் அவன் தேநீர் எடுக்கப் போகும்போது அவனுடைய அடுக்கில் நம் வீட்டு அறையைத் துழாவினேன். மின்சார பில் வந்தது, உனக்குப் பழைய கல்லூரியிலிருந்து ஒரு இதழ் வந்தது, அந்தப் பழுப்பு உறை மட்டும் வரவில்லை. ஒன்பது நாள். அவர்களே மறந்துவிட்டார்கள் என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று ஒரு நாள் நிம்மதி, மறந்தே போய்விட்டார்களே என்று மறுநாள் பயம். அப்பா குளியலறைக்கு வெள்ளை அடித்தார். முடித்துவிட்டு இரண்டாம் தடவையும் அடித்தார்.

இதற்கு நடுவில் என் கைப்பேசிக்கு எண் காட்டாத அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. இங்கே நடக்கிற மோசடிகள் உனக்குத் தெரியுமே, நான் தபால் கொடுக்கிற தெருக்களில் தனியாக இருக்கிற எல்லோரிடமும், எண் தெரியாத அழைப்பை எடுக்காதீர்கள், பிறந்த தேதியைக் கேட்டால் சொல்லாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறவளே நான்தான். இரண்டு தடவை வெட்டிவிட்டேன். மூன்றாவது தடவை, கை நிறையத் தபால், மேலே மழை, எடுத்தேன். ஒரு பெண் மிக மரியாதையாக, நீங்கள்தான் கெரென்சாவா, உங்கள் பிறந்த தேதியைக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்றாள். ஒன்பது நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. "நீ செய்யுற இந்த வேலை உங்க அம்மாவுக்குத் தெரியுமாடி?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை டாக்டரின் கிளினிக்குக்குத் தபால் கொடுக்கப் போனேன். முன்மேசையில் இருக்கும் ஜென்னா என் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், கடைசியாக எடுத்தவர்கள் திட்டிவிட்டு வைத்துவிட்டார்கள், எண் சரிதானா என்று கேட்கிறார்கள் என்றாள். அப்படியே அங்கிருந்த குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவசரம் என்றால் கடிதம் போட்டுக் காத்திருக்க மாட்டார்கள், போன்தான் செய்வார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். தபால்காரிக்குத்தான் தெரியவில்லை. ஜென்னா அங்கேயே எண்ணைப் போட்டுக் கொடுத்தாள், மறுநாள் காலையில் யாரோ வர முடியாது என்று விட்ட இடம் ஒன்று இருந்தது, அதை எனக்குக் கொடுத்தார்கள். அந்த இடம் இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பை மட்டும் நான் தொடுவதே இல்லை.

அப்பா வண்டி ஓட்டினார், ஒரு பாட்டுகூடப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொன்னதும் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், அந்தக் குரல்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். "எங்கம்மாவுக்கு நல்லாவே தெரியுங்க. அவங்கதான் எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தாங்க. அவங்களையும் இப்படித்தான் திட்டுவாங்களாம்" என்றாள். பிறகு, இப்போதாவது பிறந்த தேதியைச் சொல்வீர்களா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, தேதியைத் தப்பாகச் சொன்னேன், அப்பாதான் திருத்தினார். பெரிய டாக்டர் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்துவிட்டு, இதை இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். ஊசி குத்தினதுதான் வலி, பிறகு யாரோ தூரத்தில் துணி தைப்பது மாதிரி இருந்தது. ஏழு தையல். நர்ஸிடம் அது எப்படி இருக்கிறது, மோசமா என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பார்வைக்கு யாராலும் சொல்ல முடியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன் என்றாள். அந்த நேரம் கோபமாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, நல்லது என்று அவள் சொல்லும் நாளில் அதை நம்பலாமே என்று தோன்றியது.

இனி காலில் கட்டு, டவுசர் போட முடியாது. ஈஸ்டருக்குள் யார் முதலில் முழுப் பேன்ட் போட்டு வருகிறார்களோ அவர் எல்லோருக்கும் இறைச்சி அடைத்த பேஸ்டி வாங்கித் தர வேண்டும் என்ற பந்தயம் உனக்குத் தெரியும், நாலு குளிர்காலமாக நான் தோற்றதில்லை. வெள்ளிக்கிழமை லேசான வேலைக்குத் திரும்பிப் பேன்ட்டோடு உள்ளே நுழைந்தேன், டென்சில் மேசையைத் தட்டிக் கூட்டம் கூட்டினான். "வாங்க மகாராணி, கடைசியில குளிருச்சா? எனக்கு ரெண்டு பேஸ்டி, பெருசா" என்றான். நான் அடுக்கைப் பார்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். என்னவென்று அவனிடம் மட்டும் சொன்னேன். காதுவரை சிவந்துபோனான். நேற்றுக் காலை அவன் முழுப் பேன்ட் போட்டு வந்திருந்தான், யாருடையதோ, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. வியாழக்கிழமையே தான்தான் முதலில் போட்டதாகவும், யாரும் கவனிக்கவில்லை என்றும் எல்லோரிடமும் சாதித்து, பதினொரு பேஸ்டி வாங்கி வைத்தான். வியாழக்கிழமை அவன் டவுசரில்தான் வந்தான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும் தின்றேன்.

கவலையை என்ன செய்கிறாய் என்று கேட்பாய். கலங்கரை விளக்கத்துக்குப் போகிற தொண்ணூறு படி இருக்கிறதல்லவா, காத்திருந்த நாட்களில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன், அந்தப் படியில் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படலாம், உன் கல்யாணத்துக்கு நான் இருப்பேனா என்பதுவரை போகலாம், மேலே ஏறியதும் அடுத்த வீட்டுத் தபாலைக் கையில் எடுத்துவிட வேண்டும். பாதி நாள் பலித்தது. இப்போது காலால் படி ஏறக் கூடாது என்பதால் எழுதி ஏறுகிறேன். கோபப்படாதே, இதை வில்மாவிடமும் அப்பாவிடமும் சொல்ல முடிகிறது, உன்னிடம் சொல்லத்தான் மூன்று வாரம் ஆனது, ஏனென்றால் உன்னிடம் சொன்னால்தான் இது உண்மையாகிவிடும்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. கொடிகளுக்கு நடுவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறாய், உன் முதுகையும் பின்னங்காலையும் உன்னால் பார்க்க முடியாது, கூட இருக்கிற பெண்களில் ஒருத்தியைப் பார்க்கச் சொல், அவள் சொல்கிறதை எனக்கு எழுது. வெயிலுக்குத் தோலில் தடவுகிற க்ரீமைக் காலையில் மட்டும் இல்லை, மத்தியானமும் தடவு, காதுக்குப் பின்னாலும். டிக்கெட் வாங்காதே என்று எழுதினேன், அதை அடித்துவிட்டேன். வரச் சொல்லவும் இல்லை. முடிவு தெரிந்த பிறகு நீயே யோசித்துக்கொள்.

கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும், உன் கை கால் சுகமாக இருக்கட்டும், உனக்கு அங்கே ஒரு வில்மா கிடைக்கட்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், குளியலறை பளிச்சென்று இருக்கிறது என்றும் எழுதச் சொன்னார். ஒன்றை மறந்துவிடாதே. முடிவு வரும் நாளில் வீடியோவில் வர மாட்டேன், நான் வாயைத் திறக்கும் முன்னால் என் முகம் சொல்லிவிடும், எதுவானாலும் என் வாயால்தான் நீ கேட்க வேண்டும். வீட்டு போனிலிருந்து கூப்பிடுவேன். அதிலிருந்து வந்தால் உனக்கு எண் காட்டாது, எவனோ மோசடிக்காரன் என்று இரண்டு தடவை வெட்டியிருக்கிறாய், என் பிள்ளைதானே. இந்தத் தடவை எடு. பிறந்த தேதியைக் கேட்டால் சொல். பத்தொன்பது வயதில், இந்த ஊரே தூங்கிய ஒரு மழை இரவில், உன்னைப் பெற்று அந்தத் தேதியை உனக்குக் கொடுத்தவள்தான் கேட்கிறாள்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா கெரென்சா