உன் பிள்ளைக்கு நீ சொன்ன கொசி கொசி

மச்சான்,

மேல்மாடியில் செத்தல் மிளகாய் எரிக்கிறார்கள். பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவின் எந்தச் சந்தில் இந்தப் புகை கிளம்பினாலும் மூக்கு சொல்லிவிடும், அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் புகழ்ச்சியால் பட்ட நாவூறு கழிக்கிறார்கள் என்று. எதிர்வீட்டுச் சிசிலிக்காரி யன்னலை அடித்துச் சாத்திவிட்டாள். நான் இருமி இருமி இதை எழுதுகிறேன்.

எரிப்பவள் உன் மருமகள். பிள்ளை உன் பேத்தி, நீ கண்ணால் காணாதவள். பள்ளிக்கூட முற்றத்தில் பெடியன்களோடு பந்து விளையாடி கோல் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். உன் மகன் அருள் பல்கனியில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி "பிராவா! பிராவா!" என்று மகளைப் புகழ்ந்து கத்துகிறான். அவன் கத்தக் கத்த இவள் பயந்துபோய் இன்னும் இரண்டு மிளகாயைப் போடுகிறாள். நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். இன்றைக்கு நன்றாகவே கமறுகிறது. நீ இருந்திருந்தால் ஓடிப்போய் மகனின் வாயைப் பொத்தியிருப்பாய்.

நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். நீ வேதம், கிறிஸ்தவன்; நான் சைவம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த ஊருக்கு வந்து, ஆளுக்கொரு சிஞ்ஞோரா, எசமானி அம்மாவின் வீட்டில் தரை துடைத்தோம். வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. மற்றவர்கள் கபோச் சந்தைக்கு மீன் வாங்கப் போவார்கள். நீ மட்டும் என்னையும் இழுத்துக்கொண்டு கோயில் மைதானத்துக்குப் போவாய். புல் இல்லாத, கல் கிளம்பிய மண் மைதானம். ஊரில் கல்லூரி அணிக்கு வலப்பக்கம் ஓடி விளையாடியவன் நீ. பந்தின் சத்தம் கேட்டால் உனக்குப் பசி தெரியாது.

உன் சிஞ்ஞோராவின் மருமகன் வடக்கேயிருந்து வந்து போகிறவர், இத்தாலியப் பெருநிலத்துப் பந்துக் கழகம் ஒன்றின் ஒஸ்ஸெர்வத்தோரே. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடப் பெடியன்கள் விளையாடுவதைப் பார்த்து, தேறுகிறவனைக் கழகத்தின் விடுதிக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்து விளையாடவும் வைக்க ஆள் தெரிவுசெய்வதுதான் அவருடைய வேலை. ஒருநாள் கோப்பி கொடுக்கும்போது நீ ஒரு கபோப் பெடியனைப் பற்றிச் சொன்னாய். அவர் அவனைக் கொண்டுபோனார், அவன் அங்கே நின்று பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு பலேர்மோவுக்கு வந்தால் முதலில் உன்னைத்தான் கேட்பார்.

கால் எப்படி, தலை எப்படி, குணம் எப்படி என்று மூன்று கேள்வி. நீ ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்வாய். நினைவிருக்கிறதா, கபோவில் மீன் விற்கிற ஒருவன் தன் மகனுக்காக ஒரு பெரிய வாள்மீன் துண்டோடு உன் வாசலில் வந்து நின்றது? மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உன் மகன் நல்ல பிள்ளை, ஆனால் பந்து அவனுக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாய். எனக்கு மீன் போன கவலை. உனக்கு வேறு கணக்கு.

"தகப்பன்மாருக்குப் பொய் சொல்லக்கூடாது மச்சான்," என்றாய். "சொன்னா அந்தப் பெடியன்ர வயசெல்லோ வீணாப்போகும்."

இப்படிச் சொன்ன நீதான், மச்சான்.

என் ரூபனும் உன் அருளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. ரூபன் ஓடுவான், முட்டுவான், விழுந்தால் எழும்புவான். அருள் வேறு மாதிரி. மற்றவர்கள் அவசரப்படும் இடத்தில் அவனுக்கு மட்டும் நேரம் இருந்தது. பந்து அவனிடம் போனால் வேலிக்கு வெளியே நின்று கத்துகிற சிசிலிக்காரரும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். மற்றப் பெடியனின் தகப்பனான எனக்கே அது விளங்கியது.

அந்த வியாழக்கிழமை ஒஸ்ஸெர்வத்தோரே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார். அந்த வருடம் ஒருவனுக்குத்தான் இடம் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். முதலில் ரூபனைக் காட்டிக் கேட்டார். நீ என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அள்ளி வீசினாய். கால் நல்லது, தலை நல்லது, குணம் ஓரோ, தங்கம் என்றாய். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. பிறகு அவர் அருளைக் காட்டினார். அவன் உன் மகன் என்பது அவருக்குத் தெரியாது.

"அந்த ஒல்லிப் பெடியன்?"

நீ வலக்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாய். "கொசி கொசி."

சுமார்தான். அவ்வளவுதான் சொன்னாய்.

எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையை யார் மற்றவர் முன்னால் புகழ்கிறார்கள்? மகள் கெட்டிக்காரி என்று அயலவர் சொன்னால், "எங்கை, புத்தகத்தைத் தொடுறேல்லை" என்பாள் தாய். கேட்பவருக்கு அதைத் திருப்பிப் போட்டு விளங்கிக்கொள்ளத் தெரியும். மற்றவன் பிள்ளைக்குக் கூட்டிச் சொல்வதும் தன் பிள்ளைக்குக் குறைத்துச் சொல்வதும் எங்களுக்கு மரியாதை. அவருக்கு அது ஒரு மதிப்பீடு. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழி முழுக்க உன்னைத் திட்டினேன்.

"விசரோ உனக்கு? அவன்ர வாழ்க்கையெல்லோ!"

"என்ர வாயாலை என்னெண்டு மச்சான் சொல்லுறது? நாவூறு படாதோ?"

"வேதக்காரனுக்கு என்ன நாவூறு?"

"நாவூறுக்கு வேதமும் தெரியாது, சைவமும் தெரியாது." கொஞ்சத் தூரம் நடந்தாய். பிறகு, "அந்த மனுசன் வடிவாப் பாத்தவர்தானே. நான் சொல்லித்தானோ தெரியோணும்?" என்றாய்.

அடுத்த நாள் அவரைப் பார்க்க நான் உன் சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் போயிருந்த உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், ரூபன் என்னுடைய மகன், அந்த ஒல்லிப் பெடியன் உன்னுடைய மகன், நாங்கள் எங்கள் பிள்ளைகளைப் புகழ்வதில்லை, அவனைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "நீ அவன் மகனைப் புகழ்கிறாய், அவன் உன் மகனைப் புகழ்கிறான். நல்ல நண்பர்கள்!" என்றார். பிறகு என் தோளில் கையை வைத்தார். "எங்கே போனாலும் தகப்பன்மார் தங்கள் மகன்தான் சாம்பியன் என்கிறார்கள். கொசி கொசி என்று சொன்ன தகப்பனை இப்போதுதான் காண்கிறேன். தகப்பனுக்கே அதற்கு மேல் சொல்ல முடியவில்லை என்றால், நான் பார்க்க என்ன இருக்கிறது?"

திறந்து கிடந்த கொஞ்சக் கதவையும் நான் போய்ச் சாத்திவிட்டு வந்தேன். அவர் சிசிலிக்காரனாக இருந்திருந்தால் சட்டைப்பையில் கண்ணூறுக்குச் சிவப்புக் கொம்பு ஒன்று வைத்திருப்பார், நான் சொன்னதும் விளங்கியிருக்கும். எங்கள் கெட்ட காலம், வடக்கத்தியானாகப் போனார்.

கழகத்துக்கு எடுபட்ட ரூபனை நேப்பிள்ஸ் கப்பலில் ஏற்ற நீயும் துறைமுகத்துக்கு வந்தாய். அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாய். கப்பல் விலகியதும் கடலைப் பார்த்தபடி நின்றாய். காற்றுக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சொன்னாய்:

"என்ர பெடியன்தான் மச்சான் திறம். நான் பாத்ததுக்குள்ளை அவனை மாதிரி ஒருத்தன் இல்லை. அவனுக்குச் சொல்லிப்போடாதை."

ஓம் என்றேன்.

ஆனால் மற்றச் சொல் அருளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மைதானத்தில் கதை எப்படிப் பரவியதோ, அவன் பந்தைத் தொட்டாலே மற்றப் பெடியன்கள் கையை ஆட்டி, "உன் அப்பாவே கொசி கொசி என்றாராம்" என்று சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் பாதி விளையாட்டில் சப்பாத்தைக் கழற்றி வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனான். அந்த மண்ணில் அவன் பிறகு கால் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனான்.

அடுத்த கோடையில் ரூபனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல பிள்ளை, ஆனால் பந்து அவனுக்கு வேண்டாம் என்றார்களாம். நீ மீன்காரனுக்குச் சொன்ன அதே சொல். ரூபன் இரண்டு நாள் அழுதுவிட்டு ஒரு ஓட்டல் குசினியில் வேலைக்குச் சேர்ந்தான், இன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறான். உடைந்தது உன்னுடையவன். ஒரு இடம் இருந்தது, அதில் இருக்க வேண்டியவன் அதில் இருக்கவில்லை, இருந்தவனுக்கும் அது உதவவில்லை.

நீயும் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினாய். ஒஸ்ஸெர்வத்தோரே கேட்டதற்குக் கண் மங்கிவிட்டது என்றாயாம். வீட்டில் நீங்கள் இருவரும் கதவுத் திறப்பு எங்கே, மழை வருமா என்ற அளவில் கதைத்தீர்கள். உனக்கு வருத்தம் வந்து படுத்த பிறகு அவன்தான் உன்னைத் தூக்கினான், குளிப்பாட்டினான், சவரம் செய்துவிட்டான். ஒரு குறையும் வைக்கவில்லை. நான் கட்டிலடியில் இருந்து உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி நாவூறு பட்டு என்ன கெட்டுப்போகிறது, இப்போதாவது சொல்லடா என்று மனதுக்குள் கெஞ்சினேன். நீ வாயைத் திறப்பாய். அவனை நிமிர்ந்து பார்ப்பாய். "சாப்பிட்டியோ?" என்று கேட்பாய்.

அவன் ஓம் என்பான். அதோடு சரி.

இன்றைக்கு அந்தப் புகையும் அவன் கத்தலும் சேர்ந்து என்னை இருக்கவிடவில்லை. மேலே ஏறிப்போனேன். துறைமுகத்தில் நீ சொன்னதை, சொன்னபடியே, உன் குரல் மாதிரியே சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

"மாமா, செத்த ஆக்களைப் பற்றி எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம்."

"உன்னாணை, சொன்னவன். என்ர காதாலை கேட்டனான்."

"அப்பிடியெண்டா உங்களிட்டை ஏன் சொன்னவர்?" அவன் மகளின் தலையைத் தடவியபடியே கேட்டான். "அந்த நேரம் நான் வீட்டிலைதானே இருந்தனான்."

தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன். மேலே அவன் திரும்பவும் "பிராவா" என்று கத்துகிறான், மிளகாயும் எரிந்துகொண்டே இருக்கிறது.

நீ பொத்திப் பொத்தித் தந்ததை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து, உரியவனிடம் கொண்டுபோய் நீட்டினேன் மச்சான். அவன் வாங்கவில்லை. உன் வாயிலிருந்து வந்தால்தான் அவனுக்கு அது சேரும். அது இனி என்னோடுதான் கிடக்கும்.