ஆளுக்குப் பத்து வேர்

டாஃபின், மானிடோபா
பிப்ரவரி 11

அன்புள்ள வெர்னா,

நலம். நலம் என்று தொடங்காவிட்டால் அது கடிதமே இல்லை என்பாய், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். நேற்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு. கார் முனகியதோடு சரி, கிளம்பவில்லை. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னதும் நல்லதாகப் போயிற்று. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஒரே ஒரு குளிர்காலம் அக்காவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று நவம்பரில் போனாய். ஓல்கா எப்படி இருக்கிறாள்? புருஷன் போன துக்கம் கொஞ்சம் ஆறியதா? ஆறியிருந்தால் எனக்குச் சொல்.

உன் பிறந்தநாள் வருகிறது. முப்பத்தாறு வருடம் ரயில் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்ததில் உனக்குச் சாக்லேட் டப்பாவைத் தவிர ஒன்றும் வாங்கித் தந்ததில்லை. இந்த முறை தோட்டக்காரிக்குத் தகுந்த பரிசாக வாங்குவோம் என்று கடைக்குப் போனேன். "யாருக்கு சார்?" என்றாள் அங்கிருந்த பெண். "என் பொண்டாட்டிக்கு. தோட்டம்னா உயிரு" என்றேன். உடனே ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே மண் கிளற ஒரு கைக்கரண்டி, ஒரு சின்னக் களைக்கொத்து, ஒரு கத்தரி. எல்லாவற்றின் பிடியும் ரோஜா நிறம், அதில் ரோஜாப்பூப் படம் வேறு. எனக்கு அழகாகத்தான் பட்டது. நல்லவேளை, பக்கத்து வீட்டு மைரோன் கூட வந்திருந்தான். "இத அனுப்புனீன்னா அந்தக் கரண்டியாலயே உன் மண்டையக் கிளறிடுவா" என்றான். வாங்காமல் வந்துவிட்டேன்.

உனக்கு என்னதான் வேண்டும் என்று நீயே எழுது. இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ வரும்வரை தோட்டத்தை நான் பார்த்துக்கொள்ளலாமா? சிரிக்காதே.

உன்,
ஓரெஸ்ட்


டங்கன், வான்கூவர் தீவு
மார்ச் 2

அன்புள்ள ஓரெஸ்ட்டுக்கு,

சிரித்தேன். ஓல்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "என்னடி, யாரு செத்தா?" என்றாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு அவ்வளவு நாளாகிறது. அவள் இன்னும் இரண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைக்கிறாள். நானும் உனக்கு ஒரு தட்டு எடுக்கப் போய்ப் பாதியில் நிற்கிறேன். அதை அவளிடம் சொல்வதில்லை.

பரிசு பற்றிக் கேட்டாய். மைரோனுக்கு என் சார்பில் ஒரு பாட்டில் பீர் வாங்கிக் கொடு. பெட்டியோடு வரும் எதையும் தோட்டம் போடுகிறவளுக்குக் கொடுக்காதே. அந்தக் கரண்டி முதல் கல்லிலேயே வளைந்துவிடும். கல்லில் தேய்த்தால் கூர் ஏறுகிற, திருகாணியைக் கழற்றித் துடைக்க முடிகிற கவாத்துக் கத்தரி ஒன்று கொடுத்தால் சாகும்வரை உழைக்கும். கையுறை வாங்குவதானால் கையை அளந்து வாங்க வேண்டும். பெரிதாய் இருந்தால் விதையை எடுக்க முடியாது, சின்னதாய் இருந்தால் ஒரே நாளில் கிழியும். தோட்டத்தில் அழகுக்கு நிறுத்துகிற களிமண் குள்ளன் பொம்மை வேண்டவே வேண்டாம். உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு லாரி மக்கிய சாணி வீட்டு வாசலில் வந்து இறங்கினால் நான் கொட்டினவனைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுப்பேன். ஆனால் அதைத் தபாலில் அனுப்ப முடியாது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள். முதல் வேலை, கொட்டகையில் மாட்டியிருக்கும் களைக்கொத்தை எடுத்து அரத்தால் ராவு. வெளிப்பக்கம் மட்டும். மழுங்கின கொத்தால் களை எடுப்பவன் களையை எடுப்பதில்லை, முதுகைத்தான் ஒடித்துக்கொள்கிறான்.

இங்கே ஊர்ப் பொதுத்தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. மார்ச் மாதம், ஓரெஸ்ட், நான் வெறுங்கையால் மண்ணைத் தோண்டுகிறேன்! அங்கே பனிக்குள் உனக்கு வாசற்படியாவது தெரிகிறதா? வேலை ஓய்ந்ததும் கடலோரமாய்ப் போய்விடுவோம் என்று நீதான் சொன்னாய், நான் கேட்கவில்லை. நீ ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எப்போது வருகிறாய்?

வெர்னா
(முழங்கால் பரவாயில்லை. நீ கேட்கவில்லை.)


டாஃபின்
ஏப்ரல் 5

அன்புள்ள வெர்னா,

முழங்காலைப் பற்றிக் கேட்காதது தப்புதான். அதற்குப் பரிகாரமாகத்தான் தனியே ஒரு பெட்டி வருகிறது. உள்ளே, மண்டியிட்டுக் களை எடுக்க ஒரு முழங்கால் பலகை. இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது, ஊன்றி எழுந்திருக்கலாம். கவிழ்த்துப் போட்டால் முக்காலி. கடைக்காரப் பெண், "கெழவிங்களுக்கு ரொம்பப் புடிக்கும் சார்" என்றாள். நான் அவளைத் திட்டினேன். ஆனாலும் வாங்கினேன்.

களைக்கொத்தை ராவினேன். கட்டை விரலையும் கொஞ்சம் ராவினேன். சன்னலோரம் தக்காளி விதை போட்டிருக்கிறேன், தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். நேற்று ஒன்று தலை காட்டியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, வீட்டில் யாரும் இல்லை. மைரோனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தக்காளிதானடா, பேரப்புள்ள பொறந்தாப்ல நிக்கிற?" என்றான்.

தோட்டத்தில் இன்னும் முழங்கால் அளவு பனி. மே கடைசியில் உருளைக்கிழங்கு போட வேண்டும், அதற்குள் நீ வந்துவிடுவாய் என்று விதைக்கிழங்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. கட்டிலில் உன் பக்கம்கூட.

உன்,
ஓரெஸ்ட்


டங்கன்
ஏப்ரல் 22

ஓரெஸ்ட்டுக்கு,

பலகை வந்தது. முதலில் கோபம் வந்தது, பிறகு உட்கார்ந்து பார்த்தேன், கோபம் போய்விட்டது. இப்போது அதைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பாத்திக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். பக்கத்துப் பாத்திக்காரர், "அம்மா ராணி மாதிரி உக்காந்திருக்கீங்க" என்கிறார். எண்பத்தோரு வயது, பொறாமைப்பட வேண்டாம்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. பனி, தக்காளி, மைரோன் எல்லாம் எழுதினாய், அதை மட்டும் எழுதவில்லை. நானும் திரும்பக் கேட்கப் போவதில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன வாரம் அஸ்பாரகஸ் நட்டேன். நீண்ட குழி வெட்டி, நடுவில் மண்ணை மேடாக்கி, வேர்களைச் சிலந்தி கால் விரிப்பதுபோல் இரண்டு பக்கமும் பரப்பி, முதுகு விட்டுப்போகிற வேலை. நட்ட வருடம் ஒரு தண்டைக்கூட வெட்டக்கூடாது. அடுத்த வருடமும் கூடாது. மூன்றாவது வசந்தத்தில்தான் வாயில் வைக்க முடியும். அதற்குப் பிறகு இருபது வருடம் தானாக வரும். இதையெல்லாம் நட்டுவிட்டு எழுந்தபோது முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

வெர்னா


டாஃபின்
ஜூன் 9

வெர்னா,

பதில் எழுதத் தாமதம். உருளைக்கிழங்கு போட்டேன், தனியாகத்தான்.

உன் கடிதத்தை மைரோனுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குப் புரியாமல் இல்லை, வேறு யாராவது வேறு மாதிரி சொல்வார்களா என்றுதான். அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான்: "அத நட்டவ அந்த மண்ண விட்டு நகரமாட்டாடா ஓரெஸ்ட். கொஞ்ச நாள் தங்கிட்டுத் திரும்பறவ எவளும் அத நடமாட்டா." இங்கே இத்தனை வருடத்தில் நீ அதை நட்டதில்லை. எப்போது கேட்டாலும், எங்கே இருக்கப் போகிறோமோ அங்கே நடலாம் என்பாய். அதை நான் மறக்கவில்லை.

சரி. நீ சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாய், கத்தாமல் சொன்னாய், அதற்கு நன்றி.

உன் சாமான்களை லாரியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீளப் பிடி மண்வெட்டி, நாலு பல் கிளறி, களைக்கொத்து இரண்டு, விதைக்குக் குழி போட உன் அப்பா செய்து கொடுத்த கோல். துரு எல்லாம் தேய்த்துவிட்டேன். மரப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசிக் காயவைத்தேன். மண்வெட்டியின் பிடியில் உன் கை பட்டுப் பட்டுப் பள்ளமான இடம் ஒன்று இருக்கிறது, அங்கே உப்புத்தாள் போடாமல் விட்டேன். என் கை அதில் பொருந்தவில்லை. இனி அங்கேதான் உனக்கு அது வேண்டியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஓல்காவையும் பார்த்துக்கொள்.

ஓரெஸ்ட்


டங்கன்
ஜூன் 27

மடையா,

லாரிக்காரன் நேற்று வந்தான். "எங்கம்மா எறக்கறது, மம்பட்டியெல்லாம் வந்திருக்கு?" என்றான். நான் வாசலில் நின்று அழுதேன், அவன் பயந்துபோய்க் கையெழுத்தே வாங்காமல் போய்விட்டான். நீ என்னை விட்டுவிட்டாய் என்றுதான் அழுதேன். ஒரு பெண்ணின் மண்வெட்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு அனுப்பி வைத்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? பெட்டியின் அடியில் இருந்த உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான், நான் உன்னை விட்டுவிட்டதாக நீ நினைத்தது புரிந்தது.

மைரோனுக்குக் கொடுக்கச் சொன்ன பீரைத் திரும்ப வாங்கு.

எத்தனை வேர் நட்டாய் என்று இரண்டு பேரில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருக்க வேண்டும். அஸ்பாரகஸ் ஆளுக்குப் பத்து வேர் என்பது கணக்கு. அதை எழுதாமல் விட்டது என் தப்பு, உனக்குத் தெரியும் என்று நினைத்தேன், தக்காளி முளைத்ததற்கே அத்தனை பெருமைப்பட்டாயே. ஓல்கா அதைத் தொடமாட்டாள். "வெந்தா மூக்கப் புடிச்சிக்கிட்டுதான் அடுப்படிக்கு வரணும்" என்பாள். எனக்கு மட்டும் என்றால் ஒரு பத்து போதும். நான் நட்டது இருபது.

இருபது, ஓரெஸ்ட். முழங்கால் வலியோடு இரண்டாவது குழியையும் வெட்டினேன். உன்னைக் கூப்பிட எனக்கு ரோஷம் தடுத்தது, மார்ச் மாதமே கேட்டு நீ வாயைத் திறக்கவில்லையே. அதனால் குழி வெட்டினேன். மூன்று வருடம் காத்திருக்கத் தெரியும் எனக்கு, ஆனால் காத்திருக்கப் பிடிக்கவில்லை. நீ இல்லாமல் எனக்கு இந்த ஊரின் வசந்தம் பாதிதான் வருகிறது.

இப்போது எழுத்திலேயே சொல்கிறேன். வா.

வெர்னா


டங்கன்
செப்டம்பர் 1

ஓரெஸ்ட்,

இரண்டு மாதமாகிறது. அஸ்பாரகஸ் என் இடுப்பளவு வளர்ந்து பெருஞ்சீரகச் செடிபோல் காற்றில் ஆடுகிறது. மண்வெட்டியை இன்னும் மண்ணில் இறக்கவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுகிறார், இல்லை என்று.

கோபமாக இருந்தால் கோபமாகவாவது எழுது.

வெர்னா


டாஃபின்
அக்டோபர் 6

என் வெர்னா,

கோபம் இல்லை. உன் இரண்டு கடிதமும் சாப்பாட்டு மேசைமேல் இருக்கின்றன. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பொய்யாக எழுத வந்தது, அதனால் எழுதவில்லை. கூரை வேலை இருக்கிறது, மைரோனுக்கு உடம்பு சரியில்லை, இப்படி. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். இங்கே நான் டீக்கடைக்குள் நுழைந்தால் ஏழு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அங்கே நான் ஓல்காவின் தங்கை புருஷன், மழையைப் பார்த்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கிழவன். ரயிலை விட்டு இறங்கியபோதே பாதி ஆளாகிவிட்டேன். மீதியையும் இழந்துவிடுவேனோ என்று இரண்டு வருடமாய் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். சொல்லியிருந்தால் நீ சிரிக்கமாட்டாய் என்பது இப்போது தெரிகிறது.

உருளைக்கிழங்கு ஏழு சாக்கு வந்தது. பீட்ரூட் அதற்குமேல். அதில் போர்ஷ்ட் சூப் வைத்துப் பார்த்தேன். உன் கைப்பக்குவம் வரவில்லை, நின்றுகொண்டே கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தை மைரோன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று அவன் ஒரு கூடைப் பூண்டோடு வந்து வேலியருகே நின்றான். "என்னடா, பாத்தி காலியாக் கெடக்கு? தரை இறுகறதுக்குள்ள ஊன வேணாமா?" என்றான். இந்த மாதம் ஊன்றினால் அடுத்த ஜூலையில்தான் தோண்ட வேண்டும். "இந்த வருஷம் ஊனல" என்றேன். "ஏன்?" என்றான். "ஜூலையில நான் இங்க இருக்கமாட்டேன்டா" என்றேன். அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

வீட்டை விற்க ஒரு ஆளைப் பார்த்துப் பேசிவிட்டேன். பனி விழும் முன்னால் வருகிறேன். ஓல்காவிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு அவளிடம் பயம்.

உன்,
ஓரெஸ்ட்