தறிப்பக்கம் கட்டிய தண்ணீர்

சேவூர், ஆரணி
ஆவணி முதல் வாரம், 2004

அன்புள்ள சதீஷுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் உன் அறைக் கூட்டாளிகளும் சுகமாயிருக்க வேண்டும், இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாகவே இருக்கிறோம். மூன்று பேர் என்றதும் உன் பெண்டாட்டி நினைவு வந்திருக்கும், வரட்டும். போன வாரம் போனில், தேவிப்ரியாவுக்கு உடம்பு இப்படியிருக்கிறதே, விசா வேலையை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டாயே, நம் வீட்டு போனில் பேச்சு வெளியே கேட்கும் என்பதை மறந்துவிட்டாயா? அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அப்புறம் அடுப்படியில், “அத்த, அவரு என்ன வர வேணான்னு சொல்றாரா?” என்று கேட்டாள். எனக்கு உன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. போனில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற வரை அவளுக்கு ஒன்றுமில்லை, எழுந்தால் போதும், கண்ணை இருட்டிக்கொண்டு வரும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், தூணைப் பிடித்துக்கொள்வாள். எதிர்வீட்டுக் கற்பகம் அதைப் பார்த்துவிட்டு விசேஷமா என்றாள், இல்லை என்றதும் அப்படியானால் ஹார்ட்தான் என்று அவளே முடிவு செய்து தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், உன் காதுக்கு வந்ததும் அந்தச் செய்திதான். வேலூரில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனோம். படுக்கவைத்து நாடித்துடிப்பைப் பார்த்தார், நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார், நின்றதும் துடிப்பு எங்கேயோ ஏறிவிட்டது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தபின், இதயத்தில் கோளாறு இல்லை, நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது, அதை ஈடுகட்டத்தான் இதயம் இப்படி ஓடுகிறது என்றார். மாத்திரை கொடுத்தார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், இவளுக்கு மட்டும் உப்பைக் கூட்டச் சொன்னார், காலுக்கு இறுக்கமான சாக்ஸும் போடச் சொன்னார். புடவைக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறவளைப் பார்த்து உன் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் பயம் போகவில்லை, சரியான தூக்கமும் இல்லை. ஆரணியில் சிவப்பிரகாசம் டாக்டர் அக்குபஞ்சர் செய்கிறார் என்று கேள்விப்பட்டு வேலூர் டாக்டரிடம் கேட்டோம், துணைக்குச் செய்துகொள்ளலாம், மருந்தை மட்டும் விடக்கூடாது என்றார். நான் கோணி ஊசியை நினைத்துக்கொண்டு நடுங்கிப் போனேன், பார்த்தால் தலைமுடி மாதிரி ஊசி. மணிக்கட்டின் உள்பக்கமும் முழங்காலுக்குக் கீழேயும் வைத்தார். இந்தப் பெண் கட்டிலிலேயே தூங்கிவிட்டாள், குறட்டை வேறு, எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. வாரம் போகப் போக வீட்டிலும் தூங்கினாள், படபடப்பு வந்தாலும் பதறாமல் உட்கார்ந்து சமாளிக்கக் கற்றுக்கொண்டாள். இதில் ஊசியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, ஊசியால் நோயே போய்விடும் என்று சிவப்பிரகாசம் டாக்டரும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் ஒரு கூத்து. ஒரு முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது. பாவு நூல் ஏற்றிய தறிக்குப் பக்கத்தில் நாம் தண்ணீர்ச் செம்பே வைப்பதில்லை, ஒரு சொட்டு பட்டால் பட்டில் கறை நின்றுவிடும், அதில் உன் அப்பாவின் கெடுபிடி உனக்குத் தெரியாததா. தண்ணீருக்காக எழுந்தாலே தலை சுற்றுகிறது என்று இவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள், ஊசிதான் போட்டுக்கொள்கிறோமே, அது போதும் என்று நினைத்துக்கொண்டாளாம். ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிடக் கூப்பிட, எழுந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். நல்லவேளை, பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டு நின்ற உன் அப்பா தாங்கிப் பிடித்தார். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, புடவைமேல் விழுந்துட்டேனா மாமா என்றுதான். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஆரணிக்குக் கூட்டிப்போனதும் சிவப்பிரகாசம் டாக்டர் நன்றாகத் திட்டினார். “ஊசி துணைக்குத்தாம்மா. தண்ணி குடிக்காம ஊசி மட்டும் போட்டுகினு இருந்தா நான் இன்னா பண்றது?” என்றார். உன் அப்பா நேரே பஜாருக்குப் போய், இறுக்க மூடுகிற பாட்டில் ஒன்று வாங்கிவந்து, தண்ணீர் பிடித்து, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி தறிமரத்தில் அவரே கட்டினார். “கறை பட்டா பட்டுகினு போவட்டும், புடவதானே. நீ குடிம்மா” என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. புடவை ஒரு கறையும் இல்லாமல் முடிந்து தறியிலிருந்து இறங்கியும் ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி வேலூர் போனோம். முழுக்கச் சரியாகவில்லை, நாளாகும், ஆனால் தேறிவருகிறாள், விமானத்தில் தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே வெயில் தணிந்தபின் டிக்கெட் போடு. அவள் வந்தபின் காலையில் ஜல்தி ஜல்தி என்று எழுப்பாதே, கட்டிலோரம் சற்று உட்கார்ந்துவிட்டு எழட்டும். படுத்தபடியே காபி கேட்கிற பழக்கத்தை இப்போதே விட்டுவிடு, முதலில் நீ எழுந்து அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடு, குறைந்துபோக மாட்டாய். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக வாழ முருகன் அருள் புரியட்டும், உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைக் கேட்காதே, அவளைக் கூப்பிடு. புறப்பட்டு வா என்று உன் வாயால் சொல். நின்றுகொண்டே கேட்க வேண்டாம் என்று போன் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வீ. பரிமளா