கேபினைச் சுற்றி ஒரு சுவர்

ஜூன் 2, ஞாயிறு

இன்று வண்டியின் தரை வழியாக என் கால் கீழே இறங்கிவிட்டது. கேபினுக்குள் ஏறி, ஸ்டியரிங்குக்கு அடியில் கிடந்த ரப்பர் விரிப்பை இழுத்தேன். அடியில் தகரம் சருகாகிக் கிடந்தது. வலது கால் நேராகப் போய் மண்ணைத் தொட்டது.

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “இனிமே உனக்கு டீசல் செலவே இல்லம்மா. கால வெளிய விட்டு ஓடிக்கிட்டே ஓட்டிரலாம்.”

மாமா அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே செய்த இந்தப் பிக்கப் வண்டியை அவர்தான் இத்தனை காலமும் ஓட்டினார். இப்போது புது வண்டி வாங்கிவிட்டார். பழையதை எங்கள் வீட்டு முன்வாசலில் விட்டுவிட்டு, போகும்போது சொன்னார்: “இன்ஜின் சிங்கம். கேபின்தான் செத்துப்போச்சு. ஆகஸ்ட் முதல் ஞாயிறு வருவேன். கேபினச் சரி பண்ணி, அடிச்சட்டம் சேஸ் மேல ஒழுங்கா உக்கார வெச்சிருந்தா வண்டி உனக்கு. இல்லன்னா இரும்புக் கடைக்கு. அப்புறம் மாமான்னு மூக்கச் சிந்தக் கூடாது.”

சரி என்று சொன்னது நானா? கல்லூரியில் ஒருமுறைகூடக் கை தூக்கிக் கேள்வி கேட்காதவள் நான்.

ஜூன் 3

வேறு ஒன்றை நேற்று எழுதவில்லை. துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். சுத்தியலை அதன் தலையை ஒட்டிக் கழுத்தருகே பிடித்திருந்தேன். தப்பான பிடி என்று எனக்கே தெரியும். அப்பா பார்த்தார். முன்பு என்றால் தெருமுனையிலிருந்தே கத்தியிருப்பார். அப்பா கொத்தனார், சுத்தியல் தப்பாகப் பிடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நேற்றோ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: “படிச்ச புள்ள. அதுக்குத் தெரியாததா?”

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா என்னைத் திட்டுவதில்லை. நான் கூடத்துக்கு வந்தால் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். வீட்டுக்கு யாரோ அதிகாரி வந்திருப்பது மாதிரி. எனக்கு என் பழைய அப்பா வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 9, ஞாயிறு

கேபின் சேஸிலிருந்து பிரிந்தது! அப்பாவின் வேலையாட்கள் ஆறு பேர் வந்து தூக்கினார்கள். சேஸ் முன்வாசலிலேயே நிற்கிறது, தலையில்லாத முண்டமாக. கேபினை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கட்டைகள் மேல் வைத்தார்கள். கொட்டகைக்கு மூன்று பக்கமும் சுவர்; முன்பக்கம் திறந்த வெளி. வேலை செய்ய நல்ல வெளிச்சம்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் காலியான குளவிக் கூடு. கதவில் மூன்று நிறங்களைச் சுரண்டியபின் அடியில் வெளிர் பச்சை வந்தது, இளம் வாழைக்குருத்தின் நிறம். அதுதான் வண்டி பிறந்தபோது இருந்த நிறமாம். அதையேதான் அடிக்கப் போகிறேன்.

ஜூன் 15

துருவைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், இன்றுதான் அதைத் தோற்கடித்தேன். கதவுக் கீல்களைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் ஒரு கம்பியைக் கீலிலும் இன்னொன்றை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டினேன். சிறு சிறு குமிழிகள். சாயங்காலம் எடுத்துத் துடைத்தால் துரு சேறாகக் கழன்று வந்தது. உள்ளே உறுதியான இரும்பு.

அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி: “ஏங்க, இங்க வந்து பாருங்க! என் துணி ஊறவைக்கிற தொட்டியில உங்க மக கரண்ட் விட்டு வெச்சிருக்கா!”

அப்பா வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து குமிழிகளையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “ஒண்ணு கேக்கலாமாம்மா?” என்றார்.

கேட்கலாமா என்று கேட்கிறார்! என்னிடம்!

எப்படி என்று விளக்கினேன். புரிந்த மாதிரி தலையாட்டினார். புரியவில்லை என்று தெரிந்தது. “இல்லப்பா, இப்படி” என்று மறுபடி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜூன் 20

வெல்டர் அண்ணன் கேபினைச் சுற்றி வந்தார். “இது கேபினா, சல்லடையா?” என்றார். தரையை வெட்டும் முன் கதவு இடைவெளிகளில் குறுக்குக் கம்பி வைக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் தரை போனதும் கேபின் கோணிக்கொள்ளும். “அதத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் சொன்னதாவே கணக்குல சேத்துக்க” என்று சிரித்தார். புதுத் தரை பளபளவென்று உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் நின்று குதித்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 25

போச்சு. எல்லாம் போச்சு. நேற்றுத்தான் தரையைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன்; வண்ணத்துக்கு அடியில் பூசும் பிரைமரை இன்று அடிப்பதாக இருந்தேன். மத்தியானம் அடித்த மழை, முன்பக்கம் வழியாக நேராக உள்ளே வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. தரை முழுக்க மஞ்சள் பூத்த மாதிரி துரு. அழுதேன். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம்ல?

நாளை முதல் ஒரு வாரம் ஆபீஸ் பயிற்சிக்கு வெளியூர். நான் வேலை செய்வது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். இங்கே மழைத் தண்ணீரே என்னைப் பரிசோதிக்கிறது.

ஜூலை 3

நான் ஊரிலிருந்து வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார் அப்பா. முகத்தில் சொல்ல முடியாத வெட்கம். “கொட்டகையப் பாரும்மா” என்றார்.

திறந்திருந்த முன்பக்கம் இப்போது சுவர். தரையிலிருந்து கூரைத் தகரம் வரை செங்கல், வழவழவென்ற பூச்சு. யாரோ பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த நல்ல மர நிலையில் ஒரு கதவு. வெளிச்சம் சரியாகக் கேபின் மேல் விழும்படி ஜன்னல். சுவரில் என் சாமான்களுக்கு மாடம், புத்தகம் வைக்கக்கூட ஒரு தட்டு. வேலை முடிந்து வந்து இரவெல்லாம் தனியாகவே கட்டியிருக்கிறார். அம்மா சொன்னாள், “படிக்கிற ரூம் மாதிரி இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.”

இனி ஒரு சொட்டு மழை வராது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை காலமாயிற்று அந்தச் சொரசொரப்பைத் தொட்டு.

ஜூலை 4

கேபின் அந்தக் கதவு வழியாக வெளியே வராது.

ஜூலை 5

டேப் வைத்து அளந்தேன். பிறகு திருப்பி அளந்தேன். கதவு ஒரு ஆள் நுழைகிற கதவு. கேபினோ நான் இரண்டு கையையும் விரித்தாலும் எட்டாத அகலம். குப்புறப் போட்டாலும் வராது, மல்லாத்தினாலும் வராது. கூரையைக் கழற்றலாமா? தகரத்தைச் சுவரோடு சேர்த்துப் பூசியிருக்கிறார். கேபினைப் பாதியாக அறுத்து வெளியே கொண்டுபோய் ஒட்டலாமா? பைத்தியமா எனக்கு?

அப்பா வாழ்நாள் முழுக்கச் சுவர் கட்டியவர். ஒரு அளவு தப்பியதில்லை. அவர் வண்டியை நினைத்துக் கட்டவில்லை, என்னை நினைத்துக் கட்டியிருக்கிறார். நான் நுழைகிற அளவுக்குக் கதவு வைத்திருக்கிறார்.

இதை எப்படிச் சொல்வேன்? சுத்தியல் பிடியைக்கூடத் திருத்தக் கூசுகிறவரிடம் போய், “நீங்க தப்பாக் கட்டிட்டீங்க” என்றா? அப்படியே சுருங்கிப்போய்விடுவார். டிவியை அடியோடு நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் சேஸ் தலையில்லாமலேயே இரும்புக் கடைக்குப் போகும்.

ஜூலை 13

வேலையை நிறுத்தவில்லை. உப்புத்தாள், பட்டி, மறுபடி உப்புத்தாள், பிரைமர். வெளியே வர முடியாத ஒரு கேபினை இழைத்து இழைத்து அழகாக்கிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி கனவில் கேபின் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது.

ஜூலை 21, ஞாயிறு

வாழைக்குருத்துப் பச்சை! கடைசிக் கோட்டும் அடித்தாயிற்று. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “ஜோரா இருக்கும்மா” என்றார். உள்ளே வரவில்லை. வாங்கப்பா என்று நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 26

அம்மா தையல்காரி. இன்று சீட்டுக்கு உறை தைக்க இஞ்ச் டேப்போடு வந்தாள். சீட்டை அளந்தாள். போகிறபோது கதவு நிலையில் டேப்பை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“எத்தன நாளா தெரியும்?”

“வந்த மறுநாளே.”

“எனக்கு அவரு ரெண்டாவது வரிச கல்லு வெக்கும்போதே தெரியும்.”

“அப்ப ஏம்மா சொல்லல?”

“நான் சொன்னா அது எங்க ரெண்டு பேருக்கும் சண்டையோட போயிடும். இது நீ சொல்ல வேண்டியது. அப்பனும் மகளும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு தபால்ல பேசுற மாதிரி பேசுறீங்க. பாத்துப் பாத்து எனக்கே சலிச்சுப்போச்சு.”

“நீயே சொல்லேன்மா, ப்ளீஸ்.”

“வாய்ல நூலத்தான் வெச்சிருக்கேன், உன் வார்த்தைய இல்ல.” ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜூலை 27, சனி

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. “அப்பா, கேபின் வெளிய வராதுப்பா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அப்பா கையைக் கழுவினார். டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். கதவை அளந்தார், கேபினை அளந்தார், மறுபடி கதவை அளந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. முடிந்தது, இனி இவர் என்னோடு பேசவே மாட்டார் என்று நினைத்தேன்.

திரும்பினார். “எப்ப தெரியும் உனக்கு?”

“நாலாந்தேதி...”

“நாலாந்தேதியா!” தகரக் கூரை அதிர்ந்தது. “நாலாந்தேதியே தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? பூச்சு காயாம பச்சையா இருக்கும்போதே சொல்லியிருந்தா கையாலேயே பிரிச்சிருப்பேன்டி! இப்ப இது கல்லாயிருக்கும்! படிச்சு என்ன பிரயோஜனம், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியல! கழுதை! படிச்ச கழுதை!”

என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் பதறிவிட்டார். அம்மா ஓடி வந்தாள். அழுகை இல்லை, சிரிக்கிறேன் என்று அவர்களுக்குப் புரிய வைக்கவே ரொம்ப நேரமாயிற்று.

“எதுக்குச் சிரிக்குது இது?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“நீங்க திட்டி எத்தன வருஷமாச்சு” என்றாள் அம்மா.

ஜூலை 28, ஞாயிறு

கை எரிகிறது, எழுத்து கோணுகிறது.

காலையில் அப்பா சம்மட்டியோடு வந்தார். முதல் அடி. ‘தொம்’ என்றது, பூச்சில் ஒரு காசளவு உதிர்ந்தது. இரண்டாவது அடிக்கும் அதேதான். அப்பா வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. “அசைய மாட்டேங்குதே” என்றார். அந்தக் குரலில் இருந்த ஆனந்தத்தை என்னென்று சொல்ல.

அவருடைய வேலையாட்களும் வெல்டர் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் அடிக்கும்போதும் அப்பா சுவர் பக்கம் நின்றார். “மெதுவா, மெதுவா... பாத்தியா கலவைய! ஒரு கல்லு நகருதா பாரு!”

வெல்டர் அண்ணன், “அண்ணே, நீங்க யாரு கட்சி? சுவரு கட்சியா, எங்க கட்சியா?” என்றார்.

அம்மா, “ஏங்க, இவ்வளவு கெட்டியா நம்ம வீட்டக் கட்டியிருக்கலாம்ல? சமையல்கட்டுல ஒரு ஆணி அடிச்சா ஒரு சட்டி மண்ணு கொட்டுது” என்றாள்.

“அது நான் கட்டினதில்லடி. உங்கப்பன் பாத்து வாங்கின வீடு.”

நானும் அடித்தேன். “கழுத்தப் புடிக்காத! நுனியப் புடி, நுனிய! சுத்தியலா, ஸ்பூனா அது?” என்று கத்தினார். நுனியைப் பிடித்து அடித்தேன். ஒரு செங்கல் உள்ளே போய் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் குனிந்து செங்கல்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். உடையாமல் முழுசாக இருந்தது. அதை எல்லாரிடமும் காட்டினார்.

பொழுது சாய்வதற்குள் சுவர் இறங்கியது. மர நிலையை மட்டும் அப்பா கீறல் படாமல் கழற்றி வைத்துக்கொண்டார். கேபின் வெளியே வந்தது. வெயிலில் பச்சையைப் பார்த்ததும் தெருவே திரும்பியது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாமா வரும்போது கேபின் சேஸ் மேல் உட்கார்ந்திருந்தது. போல்ட்டுகளை நானே இறுக்கினேன். கதவுகள் மாட்டியாயிற்று, அம்மா தைத்த உறை சீட்டில். மாமா உள்ளே ஏறித் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். “இனிமே நடந்து ஓட்ட முடியாதே” என்று சாவியை என் கையில் வைத்தார். பிறகு இடிந்து கிடந்த செங்கல் குவியலைப் பார்த்து, “மச்சான், இது என்ன கதை?” என்றார்.

அப்பா சொன்னார். தன் தப்பைத் தானே, நடித்துக் காட்டி, ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொன்னார். மாமா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 19

காலையில் அப்பா கொத்துக்கரண்டி, ரசமட்டம், சட்டி எல்லாவற்றையும் பின்னால் போட்டுவிட்டு முன்னால் ஏறினார். ஆபீஸ் போகும் வழியில் இருக்கிறது அவர் இப்போது வேலை செய்யும் கட்டடம். வழி முழுக்க, கியரை மாத்து, பிரேக்கைத் தொடாதே, அந்தச் சைக்கிள்காரன் உன் மாமனா அவனுக்கு ஏன் வழி விடுகிறாய் என்று ஒரே கத்தல்.

“கொஞ்சம் சும்மா வாங்கப்பா, நான் ஓட்டுறேன்ல” என்றேன்.

“ஓட்டு ஓட்டு, பாக்கத்தானே போறேன்.”

கட்டட வாசலில் இறங்கினார். “கதவ மெதுவாச் சாத்துங்கப்பா. கீல் பழசு.”

“கதவப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா நீ?” என்றவர், கேபினே குலுங்கும்படி படாரென்று சாத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி திறந்து, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.