ஃப்ரீசரில் இருக்கும் பாட்டில்

என் ஓட்டக்காரிக்கு,

நேரில் சொன்னால் திட்டுவாய். அதனால் எழுதி உன் ஷூவுக்குள் வைக்கிறேன்.

இன்று ஆனைக்குட்டம் அணைக்கரையில் நீ ஓடியதை ஒளிந்து நின்று பார்த்தேன். குதிகாலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நடந்தவளா இவள்!

அன்று டாக்டர் உன்னிடம், "காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கயில உயிர் போகுதாம்மா?" என்று கேட்டார். எல்லாருக்கும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். "வெறுங்கால்ல நடக்கவே கூடாது" என்றார். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் உரசித் தீப்பிடிக்கும் என்று செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள்; நாளெல்லாம் எனக்கு வெறுங்கால்தான்.

இந்த வலி போகும் என்பதே உன்னைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நீ பாதத்தில் உருட்டிய ஐஸ் பாட்டிலை வெளியே எடுத்துவிடாதே. எப்படி உருட்டுவது என்று சாயங்காலம் காட்டு. திட்டாமல்.

அம்மா