பிறக்காதவர் சார்பில்

என் பிடிவாதக்காரக் கணவனுக்கு,

கோபம் தணிந்ததா? "என் சோத்துல மண்ணைப் போடத்தானே மணிலாவுக்குப் போய் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற?" என்று கேட்டாயே, நீ ஓட்டும் நிக்கல் சுரங்க லாரியில்தான் என் மேற்படிப்பும் ஓடுகிறது என்பதை நான் மறக்கவில்லை.

நேற்று வகுப்பில், சுரங்க மண்ணால் ஆறு சிவந்துபோன ஓர் ஊருக்காக மாதிரி மனு எழுதினோம். இந்த நாட்டில் இன்னும் பிறக்காத பிள்ளைகள் சார்பிலும் வழக்குப் போடலாம். அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 'பிறக்காதவர் சார்பில்' என்ற வரியைச் சேர்த்துவிடுவோம். பேராசிரியை வில்லாருஸ் என் மனுவைத் தூக்கிப் பிடித்தார்.

"பிறக்காதவங்க, பிறக்காதவங்கன்னு எழுதித் தள்ளுறீங்களே, அதுல ஒருத்தரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரியும் மேடம்" என்றேன்.

என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியையே என் பக்கம் இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காரும்மா" என்றார்.

அடுத்த மாதம் நீ வரும்போது பச்சை மாங்காய் கொண்டு வா. தொட்டுக்கொள்ள பகோங் விழுது வேண்டாம், இறால் வாடையே இப்போது குமட்டுகிறது.

நம் ஊர் ஆறு இப்போது என்ன நிறத்தில் ஓடுகிறது? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
நாங்கள் இருவரும்