அடிக்கு அரை அங்குலம்

பம்பாயில இருக்கிற மவன் வெற்றிசெல்வனுக்கு, தியாகதுருகத்துல இன்னும் சாவாம கீற ஒங்கப்பன் அரங்கநாதன் எழுதிக்கிறது. இங்க நானும் மாடும் சௌக்கியம். அங்க நீ, மகேஸ்வரி, புள்ளைங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்.

நீ கட்டட மேஸ்திரிக்குப் போட்ட லெட்டரு வந்துச்சி. அவனுக்குக் கண்ணாடி ஒடஞ்சி போச்சாம், டீக்கடையில என்னையே படிக்கச் சொன்னான். எல்லாரும் கேக்கட்டும்னு சத்தமாவே படிச்சேன். கெழவன் செஞ்சி அனுப்புன பொம்ம வூட்டப் பாத்து இங்க எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு எழுதியிருந்த பாரு, அந்த எடத்துல நானும் சேந்து சிரிச்சேன்.

ஆனா தப்பு என்னுது இல்லடா. இங்க நம்ம மனையில கட்டப்போற புது வூட்டுப் பிளான்ல மகேஸ்வரிக்குக் கோடு புரியல, அடிக்கு அரை அங்குலம்னு அட்டையில செஞ்சி அனுப்புன்னு நீதான் கேட்ட. ஆசாரி கொளஞ்சியப்பன் கிட்ட குடுத்தேன். வூட்டு நீளம் இருவத்தெட்டு அடி. மனையடி சாஸ்திரத்துல நல்ல அளவு. பாதியாக்கினா பதினாலு அங்குலம், பதினாலு ஆவாது, குடும்பம் வெளங்காதுன்னுட்டான். அட்டைக்கு இன்னாடா சாஸ்திரம்னு கேட்டா, வூடுன்னா வூடுதான்னு பதினாறா இழுத்துட்டான். உள்ள ரூமுங்கல்லாம் நீ சொன்ன கணக்கு. அதனால பின்னால ரெண்டு அங்குலம் மீந்து போச்சி, கதவில்லாம, ஜன்னலும் இல்லாம.

வெட்டிடட்டுமான்னு கேட்டான். இருக்கட்டும், எனக்கு ஆவும்னேன். பிளான்ல எடத்துக்கு எடம் பேரு எழுதியிருந்தியே. சாமி ரூமு, ஸ்கூட்டர் நிக்கிற எடம், ஒன் மாமனாரு வந்தா தங்கறதுக்கு ஒரு ரூமு. என்னைய எங்க எழுதியிருக்கன்னு வெளக்கு வெச்சித் தேடினேன்.

மேஸ்திரிக்கு அந்த லெட்டருல நீ எழுதினது இதுதான்: "அந்த ரெண்டு அங்குலம் தப்பு. அப்பா அக்கா வூட்டுக்குப் போயிடுவாரு. பழைய வூட்ட இடிச்சிடுங்க."

திருக்கோவிலூரு போயி ஒங்கக்கா அம்சவள்ளியக் கேட்டேன். அவ அழுதா. மருமவன் அழல. பொங்கலுக்கு வாங்க மாமா, சந்தோசம்னாரு.

அதுக்குள்ள இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்துச்சி. ரோட்டுல மரத்த வெட்டிச் சாச்சிட்டாங்க. சில ஊருல போலீசு சுட்டு, ஆளும் செத்துச்சி. பஸ்ஸு கெடையாது, லாரி கெடையாது. நம்ம வூட்ட இடிக்க வர ஆளுங்க கள்ளக்குறிச்சியிலயே நின்னுட்டாங்க. நம்ம ரோட்டுப் புளியமரத்துக்கு ரம்பம் குடுத்தது நான்தான். பசங்க என்னையும் தலைவருன்னு நெனச்சிக் கும்புட்டானுங்க. எந்த லாரி வரக்கூடாதுன்னு குடுத்தேன்னு அவனுங்களுக்குத் தெரியாது.

நேத்து மரத்தையெல்லாம் ஓரமா இழுத்துப் போட்டுட்டாங்க. இன்னிக்கிச் சாயங்காலமே மேஸ்திரி வந்து, கடப்பாரைய என் தலமாட்டுல சாத்தி வெச்சிட்டுப் போனான். காலையில எடுத்துக்கிறானாம்.

ஒன்னு கேக்கறேன். நான் அஞ்சரை அடி. ஒன் கணக்குல ரெண்டே முக்கா அங்குலம். மாமனாரு ரூமுல கேக்கல. ஸ்கூட்டருக்குப் பக்கத்துல அவ்ளோ எடத்துக்கு ஒரு கோட்டத் தள்ளிப் போடு. காலு நீட்டாமக்கூடப் படுத்துக்கறேன். அஸ்திவாரம் தோண்டறதுக்குள்ள தந்தி குடுத்தா மேஸ்திரி கேப்பான்.

புது வூடு நல்லபடியா எழும்பட்டும். நீ என் வயசு வரைக்கும் நல்லா இருக்கணும். ஒன் மவனும் பெருசா வூடு கட்டணும்.

ஆசிர்வாதத்தோட,
அப்பன் அரங்கநாதன்